விட்டு வந்தவரின் சிரிப்பு



கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஜாலான் பெர்ஹாலா என்றொரு தெரு உண்டு. மலாய்மொழியில் 'பெர்ஹாலா' என்றால் வழிபடும் சிலை என்று பொருள். அந்தத் தெருவில் பிள்ளையார் கோவில் இருக்கிறது. பௌத்த மகா விகாரையும் இருக்கிறது. சிறிது தூரம் நடந்தால் கந்தசுவாமி கோவிலைக் காணலாம். பாத்திமா மாதா ஆலயத்தையும் காணலாம். தெய்வங்கள் இத்தனை நெருக்கமாகக் குடியிருக்கும் அந்த வட்டாரத்தில், சாமி கும்பிடுவதை விட்டுவிட்ட தமிழர்களும் குடியிருக்கிறார்கள். நம் நண்பர் ஒருவர் அவர்களில் ஒருவர். "சிலையை நம்பாதவன், சிலைத் தெருவில் வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறேன்" என்று அவர் தம்மைப் பற்றியே சொல்லிச் சிரிப்பார்.

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். கடவுள் உண்டா இல்லையா என்பது இன்றைய பேச்சின் பொருள் அன்று. பக்தி மிகுந்த வீட்டில் பிறந்து வளர்ந்து, பிறகு அந்த நம்பிக்கையை விட்டு வெளியே வந்த ஒருவர், தம்மை யார் என்று சொல்லிக்கொள்வது? அவருக்கு எப்போது மனம்விட்டுச் சிரிக்க வருகிறது? இந்த இரண்டு கேள்விகளும் ஒரே கேள்விதான் என்பது நம் கருத்து. எப்படி என்று பார்ப்போம்.

முதலில், விட்டு வருகிறவர் எதை விட்டு வருகிறார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடவுளை மட்டும் விடுவதாக இருந்தால் அது எளிது. ஆனால் நம் நாட்டுத் தமிழருக்குக் கோவில் என்பது வழிபாட்டுக்கு உரிய இடம் மட்டுமாக இருந்ததில்லை. தோட்டத்து வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். லயன் வீடுகளுக்கு ஓரத்தில் ஒரு மாரியம்மன் கோவில். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழா. அந்த நாளில்தான் புதுத்துணி. அந்த நாளில்தான் வெளியூர் உறவு. பெண் பார்ப்பது அங்கே. பிணக்குத் தீர்ப்பது அங்கே. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் மக்கள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வந்தபோது, பலர் கையோடு கொண்டுவந்தது சாமி படத்தைத்தான். பழைய ஊர் போய்விட்டது. அந்தப் படம் மட்டுமே ஊராக நின்றது.

ஆகவே ஒரு பிள்ளை, "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்று சொல்லும்போது, தாயின் காதில் அது வேறுவிதமாக விழுகிறது. "நான் உங்களில் ஒருவன் இல்லை" என்று அவன் சொல்வதாகத்தான் அவளுக்குத் தோன்றும். பிள்ளைக்கும் உள்ளுக்குள் அந்த அச்சம் இருக்கத்தான் செய்கிறது. வெள்ளிக்கிழமை மாலை வந்தால் கால் தானாகவே கோவில் பக்கம் திரும்பும். உடுக்கை ஒலி கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அறிவு விட்டுவிட்ட ஒன்றை உடம்பு இன்னும் விடாமல் வைத்திருக்கும்.

அரசாங்கப் பாரமும் நம்மை விடுவதில்லை. 'பங்சா' என்று ஒரு கட்டம். 'அகாமா' என்று ஒரு கட்டம். இனம் எது, மதம் எது என்று அவை கேட்கின்றன. கோவில் வாசலை மிதித்துப் பல்லாண்டு ஆனவர்கூடப் பழக்கத்தில் 'இந்து' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். "வீட்டில் நான் நாத்திகன், பாரத்தில் பக்தன்" என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இது இன்று புதிதாக வந்த சிக்கல் அன்று. மலாயாத் தமிழரிடையே தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகவே இது இருந்து வருகிறது. 1929 டிசம்பரில் ஈ.வெ. ராமசாமிப் பெரியார் தம் துணைவியார் நாகம்மையாருடனும் இயக்கத் தோழர்களுடனும் கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார். ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் முதலிய ஊர்களில் பேசினார். 1954 இறுதியில் இரண்டாம் முறையும் வந்தார். அந்த முதல் வருகைக்குப் பிறகு சீர்திருத்த உணர்ச்சி இங்கே வேரூன்றியது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935-இல் 'தமிழ் முரசு' பிறந்தது. போருக்குப் பின் மலாயாவில் திராவிடர் கழகக் கிளைகள் ஏற்பட்டன. பகல் முழுவதும் உழைத்த தொழிலாளர்கள், மாலையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்க, இதழ்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அந்தக் கூட்டங்களில் மக்களைக் கட்டிப்போட்டது எது என்று நினைக்கிறீர்கள்? தருக்கம் மட்டுமா? இல்லை, சிரிப்பும்தான். பெரியாருடைய பேச்சுக்கு அது இயல்பான துணை. அவர் 1879-இல் ஈரோட்டில் வைணவப் பற்று மிகுந்த வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பாகவதர்களும் பண்டிதர்களும் வந்து போகிற வீடு. சிறுவனாக இருந்தபோது, அவர்கள் ஒருவருக்கொருவர் முரண்படச் சொல்வதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

அவருடைய இளமைக் காலத்துக் கதை ஒன்று உண்டு. கடைக்காரர் ஒருவர், எதற்கெடுத்தாலும் "எல்லாம் தலைவிதி" என்பார். ஒருநாள் இளைஞர் ராமசாமி, அவர் கடையின் முன்னால் நிழலுக்காக நிறுத்தியிருந்த தட்டியின் காலைத் தட்டிவிட்டார். தட்டி கடைக்காரர் தலையில் விழுந்தது. அவர் சினந்து எழுந்ததும், "நான் என்ன செய்வேன்? உங்கள் தலைவிதி தட்டியைத் தள்ளிவிட்டது" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாராம்.

நேயர்களே, இந்தக் கதையை நாம் கேட்டால் சிரிக்கிறோம். ஆனால் கொஞ்சம் உற்றுக் கவனியுங்கள். தட்டி விழுந்தது கடைக்காரர் தலையில். அவருக்கு அன்று சிரிப்பு வந்திருக்காது. விட்டு வருகிறவரின் முதற் சிரிப்பு பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். அதில் கூர்மை உண்டு, உண்மையும் உண்டு. கூடவே அடிபடுகிற ஒருவரும் உண்டு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காயம் இருக்கும். 1904-இல் பெரியார் வீட்டை விட்டுக் காசிக்குப் போனார். அங்கே சாதியைக் காட்டி அவரைச் சத்திரத்து வாசலிலிருந்து தள்ளினார்கள். பசி தாளாமல் வெளியே எறிந்த எச்சில் இலையில் உண்ணும் நிலை வந்தது. அப்படிப் புண்பட்டவர் சிரிப்பில் சூடு இருப்பது வியப்பன்று. தோட்டத்துக் கோவிலில் சாதியின் பெயரால் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் அந்தச் சூடு இருக்கும். அதை நாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில் ஓர் இடர் இருக்கிறது. எந்நேரமும் கோவிலைக் கேலி செய்துகொண்டே இருப்பவர் கோவிலை விட்டு வந்தவர் ஆகமாட்டார். அவர் இன்னும் அதன் வாசலில்தான் நிற்கிறார். முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான். "நீங்கள் யார்?" என்று கேட்டால், "நான் சாமி கும்பிடாதவன்" என்பார். 'இல்லை' என்ற ஒரு சொல்லைக் கட்டி அதில் எத்தனை நாள் குடியிருக்க முடியும்?

இரண்டாவது வகைச் சிரிப்பு ஒன்று உண்டு. அதற்கு நல்ல எடுத்துக்காட்டுக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவர் சுயமரியாதைக் கருத்துகளில் ஈடுபாடு கொண்டவர். கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரம், பக்தர் உள்ளத்தை உருக்கிய கதாகாலட்சேபம். சிதம்பரம் போகத் துடித்த ஓர் ஏழை அடியாரின் கதை அது. கலைவாணர் அதே காலட்சேப முறையை எடுத்துக்கொண்டார். அதே பாட்டும் இடையிடையே வசனமும், அதே பின்பாட்டும் வைத்துக்கொண்டு, நந்தனாருக்குப் பதிலாகக் 'கிந்தனார்' என்று ஒருவரைப் படைத்தார். கிந்தன் ஏங்குவது கோவிலுக்காக அன்று, பள்ளிக்கூடத்துக்காக. ஒதுக்கப்பட்ட பையன் படித்து முன்னுக்கு வருகிறான். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இது இடம்பெற்றது.

இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். கலைவாணர் பழைய பாத்திரத்தை உடைக்கவில்லை. அதைக் கழுவி வேறு பண்டம் வைத்தார். காலட்சேபத்தை ஆயிரம் முறை கேட்டு அனுபவித்தவருக்குத்தான் அப்படிச் செய்ய வரும். பக்தரும் சிரித்தார், பகுத்தறிவாளரும் சிரித்தார். இளமையில் கற்ற இசையும் கதையும் சொல்வளமும், நம்பிக்கை போன பிறகும் நம்மோடு வரக்கூடிய சொத்துகள் என்பதை அவர் காட்டினார். விட்டு வந்தவருக்கு இது பெரிய ஆறுதல். எல்லாவற்றையும் எரித்துவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

1943-இல் புதுமைப்பித்தன் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் சிறுகதையும் இந்த வகையைச் சேர்ந்தது. அதில் கடவுள் சென்னைப் பட்டணத்துக்கு வந்து, கந்தசாமிப் பிள்ளை என்னும் பத்திரிகைக்காரரைச் சந்திக்கிறார். காப்பி குடித்துவிட்டு நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். அதைச் செல்லுமா செல்லாதா என்று பார்க்கிறார்கள். பிள்ளை, வரம் கேட்பதை விட்டுவிட்டுத் தம் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளிடம் ஆயுள் சந்தா வாங்குகிறார். பிள்ளையின் சின்னப் பெண் குழந்தைக்கோ அவர் சாமியும் அல்லர், பூதமும் அல்லர். விளையாட வந்த தாத்தா. கடவுளை இவ்வளவு நையாண்டி செய்யும் கதையில் வெறுப்பு ஒரு துளியும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கிண்டல் செய்கிற உரிமைதான் இருக்கிறது.

இது நமக்கு அயலாரிடமிருந்து வந்த பழக்கமும் இல்லை. தேவாரம் பாடிய சுந்தரரைத் தம்பிரான் தோழர் என்கிறோம். சிவபெருமானைத் தோழமையோடு இடித்துக் கேட்ட அடியார் அவர். காளமேகப் புலவர் தெய்வங்களை இகழ்வதுபோலப் புகழ்ந்து பாடினார். சித்தர்கள் வெறும் சடங்கைச் சாடினார்கள். ஆகவே, சாமியைப் பற்றிச் சிரிக்கிற தமிழன் தமிழ் மரபை விட்டு வெளியேறியவன் அல்லன். அந்த மரபின் நடு முற்றத்திலேயே அவனுக்கும் ஒரு திண்ணை உண்டு.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை தேவை. நாம் பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் நாட்டில் இருக்கிறோம். பிறருடைய சமய உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்ற நோக்கத்தோடு பேசுவதை நம் தண்டனைச் சட்டத்தின் 298-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பிறர் வீட்டுச் சாமியைப் பற்றிச் சிரிக்க நமக்கு என்ன உறவு இருக்கிறது? கேலிக்கு உறவு வேண்டும். தன் வீட்டைப் பற்றி, தன்னைப் பற்றிச் சிரிப்பதுதான் சிரிப்பில் நேர்மையானது. அதிலும், கோவில் காசைத் தின்பவரைப் பார்த்துச் சிரிப்பதும், நோயுற்ற பிள்ளைக்காக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் தாயைப் பார்த்துச் சிரிப்பதும் ஒன்றாகாது. முன்னது துணிவு, பின்னது கொடுமை.

இனி, அடையாளம் என்ற பகுதிக்கு வருவோம். விட்டு வந்தவருக்குப் பண்டிகை எது, திருமணம் எப்படி, இறுதிச்சடங்கு எப்படி? முன்னோடிகள் இதற்கு விடை தேடினார்கள். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். பொங்கலை ஒட்டிய அந்த விழாவில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு பாராமல் தமிழ் பேசுவோர் அனைவரும் கூடினர். மொழியே பந்தலாக அமைந்தது. நம்பிக்கை இல்லாதவரும் அந்தப் பந்தலில் விருந்தாளியாக இல்லாமல் வீட்டுக்காரராக நிற்க முடிந்தது. "நான் சாமி கும்பிடாதவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, "நான் தமிழன்" என்று சொல்ல ஒரு நாள் கிடைத்தது. 'இல்லை' என்ற சொல்லுக்குப் பதிலாக 'ஆம்' என்ற சொல் கிடைத்தது.

திருமணத்துக்கும் வழி உண்டு. புரோகிதர் இல்லாமல், பெரியோர் தலைமையில் மாலை மாற்றி உறுதிமொழி கூறும் சீர்திருத்தத் திருமணங்கள் இங்கே பல நடந்திருக்கின்றன. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவாளர் முன்னிலையிலேயே மணம் முடிக்கவும் இடம் உண்டு. எனவே ஓமகுண்டம் இருந்தால்தான் கணவன் மனைவி என்ற நிலை இன்று இல்லை. ஓமம் வேண்டும் என்பவர் வளர்க்கட்டும். வேண்டாம் என்பவர் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு விருந்து வைக்கட்டும். சாம்பார் இரண்டு வீட்டிலும் ஒரே சுவைதான்.

ஆனால் சாவு வீடு அவ்வளவு எளிதன்று. கிள்ளானில் நாம் அறிந்த ஒரு வீட்டில் தந்தை இறந்துபோனார். மூத்த மகன் நம்பிக்கை இல்லாதவர். கொள்ளி வைக்க வேண்டும். தலைமுடி இறக்க வேண்டும் என்றார்கள். கொள்ளி வைப்பதற்கு அவர் மறுக்கவில்லை. தந்தைக்குச் செய்யும் கடைசி வேலை என்றார். முடி இறக்குவது மட்டும் வெறும் சடங்கு, தம் கொள்கைக்கு ஒத்துவராது என்று நின்றார். தாய் அழுதார். சித்தப்பா சினந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்போது தாய்மாமன் எழுந்து வந்து, மருமகனின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "மாப்பிள்ளை, முக்கால்வாசி தானாவே கொட்டிப்போச்சு. மிச்சம் இருக்கிற இந்த நாலு முடிக்கு என்னய்யா கொள்கை?" என்றார்.

ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு முதலில் சிரித்தவர் அந்த மகன்தான். அழுதுகொண்டிருந்த தாயும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "எங்கப்பா இருந்திருந்தா இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே அவர் நாவிதர் முன் உட்கார்ந்தார்.

அவர் தோற்றுவிட்டாரா? சிலர் அப்படிச் சொல்லக்கூடும். அவர் உட்காராமலே இருந்திருந்தாலும் அதுவும் அவருடைய உரிமைதான். கொள்கையில் உறுதியாக நிற்பவரை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அன்று அவர் பயத்தால் பணியவில்லை. புண்ணியம் கருதியும் செய்யவில்லை. தாயின் துயரத்துக்காகச் செய்தார், அதைத் தெரிந்தே செய்தார். தம் தலையைப் பார்த்துத் தாமே சிரிக்க முடிந்தவருக்கு, தலைமுடி போனதால் தாம் யார் என்பது போய்விடாது என்பது தெரிந்திருந்தது.

இதே பெருந்தன்மையைப் பெரியாரின் முதிர்ந்த காலத்துக் கதைகளிலும் கேட்கிறோம். தமிழ்த்தென்றல் திரு.வி.க. அவர்கள் ஈரோட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, குளித்து வந்த அவருக்கு நீறு பூசும் வழக்கம் உண்டு என்று அறிந்து, பெரியாரே திருநீற்றை எடுத்து நீட்டினார் என்று சொல்வார்கள். தட்டியைத் தள்ளிய கையும் திருநீற்றை நீட்டிய கையும் ஒன்றே. கொள்கை இம்மியும் மாறவில்லை. ஆனால் அந்தக் கைக்கு இப்போது எதையும் தள்ளிக் காட்ட வேண்டிய தேவை இல்லை. தம்மை யார் என்று அறிந்தவரின் அமைதி அது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். பிள்ளை நம்பிக்கையை விட்டுவிட்டான் என்றால் உங்களை விட்டுவிட்டான் என்று பொருளில்லை. அவனைச் சபிக்காதீர்கள், வேண்டுமானால் கிண்டல் செய்யுங்கள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஓர் அம்மா இருக்கிறார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவரைப் பத்துமலைக்கு அழைத்துச் செல்வது நாத்திகரான மகன்தான். அம்மா 272 படிகளையும் மெல்ல ஏறி இறங்கும்வரை மகன் கீழே காத்திருப்பார். அத்தனை கூட்டத்திலும் காடி நிறுத்த அவருக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடும். அம்மா திரும்பி வந்து சொல்வாராம்: "சாமி இல்லேன்னு சொல்றவனுக்குத்தான்டா முருகன் எடம் பிடிச்சு வைக்கிறான்." மகன் பதில் சொல்வதில்லை. அம்மா கொடுக்கும் பஞ்சாமிர்தத்தை வாங்கித் தின்றுவிட்டு, காடியைக் கிளப்புவார்.

ஆக, நேயர்களே, விட்டு வந்தவர் தேட வேண்டிய சிரிப்பு எது என்பதற்கு நாம் ஒரு சின்ன அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குத் தெரியாமல் நண்பர்களிடம் மட்டும் சொல்லிச் சிரிக்கிற வேடிக்கையா, அம்மா எதிரிலேயே சொல்லி அவரும் சேர்ந்து சிரிக்கிற வேடிக்கையா? முதலாவது வரும்வரை நாம் வெளியே வந்துகொண்டுதான் இருக்கிறோம். இரண்டாவது வந்துவிட்டால், வந்து சேர்ந்துவிட்டோம்.